மூட்டை முடிச்சுடன் லியுப்லியானாவுக்கு

"சாமி, பையன் முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு இரயிலில் ஊர் ஊராகச் சுற்றுகிறானாம். இதற்காகவா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பினோம்?"

இந்தக் கேள்வியோடு ஒரு தாய் நமது பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவருடைய மகன் ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகரில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறான். வங்கியில் கல்விக் கடன். அது போதாமல் இரண்டு ஏக்கர் நஞ்சை அடமானத்தில் இருக்கிறது. நான்கு மாதங்களாக அவன் வீட்டாரோடு சரிவரப் பேசுவதில்லை. ஆனால் கைப்பேசியில் படங்கள் மட்டும் வந்து விழுகின்றன. ஒரு வாரம் ஏதோ ஒரு பாலம், மறு வாரம் ஒரு கோட்டை, அடுத்து ஓர் ஏரி. எல்லாப் படத்திலும் தோளில் அந்த மூட்டை. "உள்ளபடி அவன் படிக்கிறானா, கெட்டுப்போய்விட்டானா என்று ஒரு கண் பார்த்துவிட்டு வாருங்கள் சாமி" என்றார்.

கோடை விடுமுறையில் ஐரோப்பியப் பங்குக் குருக்கள் ஓய்வுக்குச் செல்லும்போது, நம் நாட்டுக் குருக்கள் சிலர் ஒரு மாதம் அங்குச் சென்று அவர்களுக்குப் பதிலாகப் பணியாற்றி வருவதை வாசகர்கள் அறிவார்கள். சென்ற ஆகஸ்டில் அவ்வாறு ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில் ஒரு மலையூர்ப் பங்கு நமக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. எனவேதான் அந்தத் தாய் நம்மிடம் வந்தார். தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாள் முடிந்த மறுநாளே விடுப்புச் சொல்லிக்கொண்டு கிராட்ஸுக்குப் புறப்பட்டோம்.

நிலையத்திலேயே காத்திருந்தான். இளைத்திருந்தான். "ஃபாதர், என் அறை மிகச் சிறியது, அதில் உட்கார்ந்து என்ன பேசுவது? மூன்று நாள் இருக்கிறதல்லவா, என்னோடு இரயிலில் வாருங்கள். லியுப்லியானா போய் வருவோம்" என்றான். நமது பழைய தோல் பெட்டியைக் கண்டதும் சிரித்துவிட்டு, தன் நண்பனிடம் இரவல் வாங்கிய ஒரு தோள்மூட்டையை நீட்டினான். ஐம்பத்தாறு வயதில், சற்றே வலிக்கும் முழங்காலோடு, வாழ்க்கையில் முதன்முறையாக நாம் மூட்டை சுமக்கும் பயணியானது இப்படித்தான்.

மூட்டை கட்டுவதிலும் ஒரு கலை இருக்கிறது. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். இடுப்பு வாரை இறுக்கினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். மூன்று நாளுக்கு இரண்டு சட்டை போதும்; ஒன்றை இரவில் அலசிக் காயப்போடலாம். மழைச்சட்டை கட்டாயம். கடவுச்சீட்டு மூட்டைக்குள் இருக்கலாகாது, உடம்போடு இருக்க வேண்டும். நமது பங்காக நற்கருணைப் பாத்திரமோ பூசைப் புத்தகமோ எதுவும் எடுக்கவில்லை. செபமாலையும் கட்டளைச் செபப் புத்தகமும் மட்டுமே. அந்தப் புத்தகம் ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விடக் கனத்தது என்பதை இங்கே மெல்லச் சொல்லி வைக்கிறோம்.

இளைஞர்கள் இவ்வாறு இரயிலில் திரிவது ஐரோப்பாவில் ஏதோ ஊதாரிகளின் பழக்கமன்று. 1972-இல் அங்குள்ள இரயில்வேக்கள் சேர்ந்து, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென 'இண்டர்ரெயில்' என்னும் ஒரே சீட்டை வெளியிட்டன. ஒரு மாதம் முழுவதும் பல நாடுகளில் அதைக் கொண்டு சுற்றலாம். இன்று எல்லா வயதினரும் அதை வாங்கலாம். ஆனால் ஐரோப்பாவில் குடியிருப்போருக்கு மட்டுமே அது கிடைக்கும். நம்மைப்போல் வெளியிலிருந்து செல்வோருக்கு 1959 முதலே 'யூரெயில்' என்னும் சீட்டு உண்டு. இதிலொரு சூட்சுமம்: சீட்டு இருந்தாலும் அதிவேக வண்டிகள் பலவற்றிலும் இரவு வண்டிகளிலும் இடம் பதிவு செய்யத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஓரிரு நகரங்களுக்கு மட்டும் செல்வோர், நின்று நின்று செல்லும் சாதாரண வண்டிகளில் தனித்தனிச் சீட்டு வாங்குவதே சிக்கனம். எங்கள் பையனும் அவ்வாறே செய்தான். ஒரு வாரம் தானே சமைத்து உண்டு மிச்சம் பிடித்த காசு அது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

கிராட்ஸிலிருந்து தெற்கே செல்லும் தடம் சரித்திரப் புகழ் பெற்றது. ஆஸ்திரியப் பேரரசு தன் தலைநகரான வியன்னாவைத் திரியெஸ்தே துறைமுகத்தோடு இணைக்கப் போட்ட 'தெற்கு இரயில்வே' அது. கிராட்ஸிலிருந்து செல்யெ வரை 1846-இலும், லியுப்லியானா வரை 1849-இலும், கடற்கரை வரை 1857-இலும் தண்டவாளம் எட்டியது. எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று தெரியவில்லை. 2007 டிசம்பரில் ஸ்லோவேனியாவும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. பெயர்ப்பலகைகளின் மொழி மட்டும் மாறிற்று.

மாரிபோர் நகரில் வண்டி மாற வேண்டும். இடையில் ஒன்பது நிமிடம். "ஒரு காப்பி குடித்துவிடலாமே" என்றோம். அவன் தயங்கினான், நாம் வற்புறுத்தினோம். காப்பி நன்றாகத்தான் இருந்தது. நடைமேடைக்குத் திரும்பியபோது வண்டியின் பின்புறத்தைக் கண்டோம். குற்றம் முழுவதும் நமதே.

அதுவும் நல்லதற்கே ஆயிற்று. அடுத்த வண்டிக்கு இருந்த நேரத்தில் பேராலயத்திற்கு நடந்தோம். அங்கே முத்திப்பேறு பெற்ற ஆயர் அந்தோன் மார்த்தின் ஸ்லோம்ஷெக் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மறைமாவட்டத்தின் தலைமையிடத்தை 1859-இல் மாரிபோருக்கு மாற்றியவர் அவரே. ஜெர்மன் மொழியே கோலோச்சிய காலத்தில் ஞாயிறு பள்ளிகள் நடத்தி, உழவர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடநூல் எழுதினார். 1999 செப்டம்பர் 19-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதே நகருக்கு வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். நாம் முழந்தாளிட்டுச் செபித்தோம். பையன் தூணருகே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. நாமும் அழைக்கவில்லை.

அதன்பின் பயணம் கண்ணுக்கு விருந்து. சவீனியா ஆறு கூடவே ஓடி வருகிறது. ஸிதானி மோஸ்த் என்னுமிடத்தில் அது சாவா ஆற்றோடு கலக்கிறது. இருபுறமும் செங்குத்தான மலை. ஆற்றுக்கும் மலைக்கும் இடையே கிடைத்த இடுக்கில் தண்டவாளம் நெளிகிறது. வேகம் அதிகமில்லை. சன்னலோரம் அமர்ந்து, கரையில் அடுக்கிய விறகையும், வீட்டு முகப்பில் தொங்கும் பூத்தொட்டிகளையும் எண்ணிக்கொண்டே போகலாம்.

அப்போதுதான் அவன் அந்த மொழியின் விந்தை ஒன்றைச் சொன்னான். அவனுடன் தங்கியிருந்த ஸ்லோவேனிய மாணவன் கற்றுக்கொடுத்ததாம். தமிழில் எண் இரண்டே: ஒருமை, பன்மை. வடமொழியில் இருமை என மூன்றாவதும் உண்டு. இலத்தீனில் அதன் எலும்பு மட்டும் 'துவோ', 'அம்போ' என்னும் இரண்டு சொற்களில் மிஞ்சியிருப்பதாகக் குருமடத்தில் படித்தோம். ஸ்லோவேனிய மொழியிலோ இருமை இன்றும் பேச்சில் உயிரோடு உலவுகிறது. 'கிரெம்' என்றால் நான் போகிறேன். 'கிரெமோ' என்றால் பலராகப் போகிறோம். 'கிரெவா' என்றாலோ நாம் இருவர் மட்டும் போகிறோம் என்று பொருள். "இப்போது நாம் கிரெவா, ஃபாதர்" என்றான். இந்தப் பக்கங்களில் 'நாம்' என்று எழுதியே பழகிவிட்ட நமக்கு, அந்த 'நாமில்' உள்ளபடி எத்தனை பேர் என்று கேட்கும் மொழி சற்றுச் சங்கடந்தான்.

லியுப்லியானா, மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழும் தலைநகர். நாடு முழுவதிலும் சேர்த்தே ஏறத்தாழ இருபத்தொரு இலட்சம் பேர்தாம். 'அன்புக்குரியவள்' என்னும் பொருள்படும் அவர்கள் சொல்லை ஒத்து நகரின் பெயர் ஒலிப்பதில் அவர்களுக்குப் பெருமை. நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்ததும் விடுதி. அது ஒரு சிறைச்சாலை! மிகைப்படுத்தவில்லை. ஆஸ்திரிய-அங்கேரியப் படையினரும் பின்னர் யூகோஸ்லாவியப் படையினரும் குற்றவாளி வீரர்களை அடைத்து வைத்திருந்த இராணுவச் சிறை அது. 1991 ஜூன் 25-இல் ஸ்லோவேனியா விடுதலையை அறிவித்து, பத்து நாள் போருக்குப்பின் யூகோஸ்லாவியப் படை வெளியேறியது. வெறுமையான பாசறையை 1993-இல் இடிக்கத் தொடங்கியபோது கலைஞர்களும் இளைஞர்களும் உள்ளே புகுந்து குடியேறித் தடுத்தார்கள். சிறைக் கட்டடம் மட்டும் 2003-இல் பயணிகள் விடுதியாயிற்று. ஒவ்வொரு கொட்டடியையும் ஒவ்வொரு கலைஞர் வடிவமைத்திருக்கிறார். சன்னலிலும் கதவிலும் பழைய கம்பிகள் அப்படியே இருக்கின்றன. சிறையிலிருப்போரைச் சந்திப்பது நமது அழைப்பின் ஒரு கடமை. சிறையில் காசு கொடுத்துத் தங்குவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. படுக்கை பரண்மீது. ஏணியில் ஏறப் பயந்து கீழ்ப்படுக்கையை நாம் எடுத்துக்கொண்டோம்.

விளக்கை அணைத்து நெடுநேரம் ஆகியிருக்கும்.

"ஃபாதர், தூங்கிவிட்டீர்களா?"

"இல்லை தம்பி."

"மூன்று பாடம் போய்விட்டது."

வீட்டில் தெரியுமா என்றோம். தெரியாது. எல்லாவற்றிலும் தேறிவிட்டதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். படிப்பில் முன்னேறியதற்குச் சான்று காட்டினால்தான் அந்நாட்டில் தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். அதற்கான நாள் நெருங்குகிறது. "அறையில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது ஃபாதர். இரயிலில் ஏறினால் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும். அதனால்தான் சுற்றுகிறேன்."

நாம் அறிவுரை தொடங்கினோம். முப்பது ஆண்டுப் பிரசங்கப் பழக்கம், எளிதில் விடாது. உண்மையின் அவசியம், பெற்றோரின் தியாகம், தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று பத்து நிமிடம் பேசியபின்தான், மேலே அவன் ஓசையின்றி அழுதுகொண்டிருப்பது காதில் விழுந்தது. நிறுத்திக்கொண்டோம்.

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் இசைவு பெற்றே எழுதுகிறோம். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்து ஒரு வரியை அடிக்கச் சொன்னான், அடித்துவிட்டோம்.

மறுநாள் அதிகாலை ஆற்றங்கரைக்கு நடந்தோம். செந்நிற முகப்புடைய பிரான்சிஸ்கன் சபையாரின் கோயிலில் கூட்டுத் திருப்பலி ஒப்புக்கொடுக்க இடமளித்தார்கள். மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயினும் பூசையில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது ஒரு கணமும் தவறவில்லை. பையன் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தான்.

கோயிலுக்கு எதிரே நாட்டின் மகாகவி பிரான்ஸ் பிரெஷெரனின் சிலை நிற்கிறது. முதல் இரயில் வந்த அதே 1849-இல், அது வருமுன்னரே, பிப்ரவரி 8-இல் காலமானவர். கவிஞர் இறந்த நாளைத் தேசிய விடுமுறையாகக் கொண்டாடும் நாடு அது! 1905-இல் சிலை வைத்தபோது ஒரு கலகம். கவிஞரின் தலைக்குமேல் கிளையேந்தி நிற்கும் கலைத்தெய்வத்திற்குப் போதிய ஆடையில்லை. கோயில் வாசலில் இதுவா என்று அன்றைய ஆயர் யெக்லிச் எதிர்த்தார். முடிவில் கோயிலுக்கும் சிலைக்கும் நடுவே மரங்களை நட்டார்கள். ஆயருக்கும் பழுதில்லை, கவிஞருக்கும் பழுதில்லை. இப்படி முடிந்த சண்டைகள் திருச்சபை வரலாற்றில் குறைவு.

அங்கிருந்து ஆற்றைக் கடக்க அருகருகே மூன்று பாலங்கள். இதன் கதை சுவையானது. நடுவிலுள்ள கற்பாலம் 1842-இல் கட்டியது. நெரிசல் மிகுந்தபோது அதை இடித்து அகலமாகக் கட்டுவார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். யோஷெ பிளெச்னிக் என்னும் கட்டடக் கலைஞரோ பழையதைத் தொடாமல், 1929 முதல் 1932 வரையிலான காலத்தில் இருமருங்கிலும் நடப்பவர்க்கென ஒவ்வொரு சிறு பாலத்தைச் சேர்த்தார். இன்று அவ்விடத்தில் வண்டிகளே இல்லை. 2007 முதல் படிப்படியாக நகர மையத்தை நடப்போருக்கே விட்டுவிட்டார்கள். 1895-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு இரவில், ஏப்ரல் 14-இல், ஒரு பெரிய நிலநடுக்கம் நகரைச் சிதைத்தது. அதன்பின் எழுந்ததே இன்று நாம் காணும் நகரின் பெரும்பகுதி. நான்கு பறவை நாகங்கள் காவல் நிற்கும் பாலமும் அதன்பின் 1901-இல் கட்டியதே. பறவை நாகங்களோடு படம் பிடிக்கக் கூட்டம் நெரிகிறது; நாம் பார்த்துக்கொண்டே கடந்தோம்.

புனித நிக்கோலாஸ் பேராலயம் 1701-இல் தொடங்கியது. அதன் வரைபடம் உரோமையிலிருந்த இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா போஸோ வரைந்தது; உள்ளே மேற்கூரையில் குவாலியோ என்னும் இத்தாலிய ஓவியரின் சுவரோவியங்கள். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வருகையை முன்னிட்டு வெண்கலக் கதவுகளை அமைத்தார்கள். பெருங்கதவில் ஸ்லோவேனியரின் 1250 ஆண்டு விசுவாச வரலாறு. பக்கக் கதவில் ஆயர்களின் உருவங்கள்.

இவ்விடத்தில் ஆயர் அந்தோன் வோவ்க்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1952 ஜனவரி 20-ஆம் நாள் அவர் மறைமாவட்டப் பணிக்காக இரயிலில் நோவோ மெஸ்தோ நகருக்குச் சென்றார். நிலையத்தில் காத்திருந்த கும்பல் அவர்மீது எரிபொருளை ஊற்றித் தீ வைத்தது. பொதுவுடைமை ஆட்சி திருச்சபையை ஒடுக்கிய காலம் அது. கழுத்திலும் முகத்திலும் வெந்த புண்ணோடு பிழைத்தார், 1961-இல் லியுப்லியானாவின் பேராயரானார், 1963-இல் இறந்தார். பிரெஷெரன் கவிஞரின் உறவு வழியில் வந்தவரும் அவரே. பையன் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர் மறுபடி இரயில் ஏறினாரா ஃபாதர்?" என்றான். ஏறித்தானே இருப்பார், ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்றோம்.

நம் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்லோவேனிய மொழியின் முதல் அச்சு நூல்களை 1550-இல் வெளியிட்டவர் பிரிமோஷ் திருபர். கத்தோலிக்கக் குருவாயிருந்து லூத்தர் வழியில் பிரிந்த சகோதரர். மறைக்கல்வி நூலும் அரிச்சுவடியுமே அவை. அவர் வழியில் யூரி தால்மாத்தின் 1584-இல் முழு விவிலியத்தையும் பெயர்த்தார். பின்னர் வந்த ஆயர் தொமாஷ் ஹ்ரென் பிரிந்தோரின் நூல்களைக் குவித்து எரித்தார். ஆனால் தால்மாத்தினின் விவிலியத்தை மட்டும் எரிக்கவில்லை. தம் குருக்கள் அதைப் பயன்படுத்த அனுமதி பெற்றார். வேறு விவிலியம் அம்மொழியில் இல்லையே! நமது 'தம்பிரான் வணக்கம்' அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. திருபரின் நூலுக்கு இருபத்தெட்டு ஆண்டு பிந்தியது. இரண்டு மொழிகளும் அச்சேறியது மறைக்கல்வி கற்பிக்கவே.

பேராலயத்தை ஒட்டிச் சந்தை. அதன் தூண் வரிசையும் பிளெச்னிக்கின் கைவண்ணமே. கிழவியர் தம் தோட்டத்துக் கீரையையும் உலர்ந்த காளானையும் பரப்பியிருந்தார்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய 'புரெக்' என்னும் அப்பம் காலை உணவாயிற்று. ஒன்றே இருவருக்குப் போதும். குடிநீர் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தெருக் குழாய்களில் நல்ல நீர் வருகிறது.

பிற்பகல் திர்னோவோ பகுதிக்கு நடந்தோம். அங்கே புனித அருளப்பர் கோயிலுக்குப் பின்னால், பிளெச்னிக் 1921 முதல் 1957-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீட்டை அப்படியே காத்து வருகிறார்கள். மணமுடிக்காமல், துறவியைப்போல் வாழ்ந்தவர். பிராக் நகரத்து அரண்மனையைச் செப்பனிட மஸாரிக் என்னும் குடியரசுத் தலைவரே அழைத்த புகழ் அவருக்கு உண்டு. வீட்டிலோ வட்ட வடிவான ஓர் அறை, அதில் ஒடுங்கிய கட்டில், வரைமேசை, பென்சில்கள். அவர் வடித்த பாலங்கள், சந்தை, நூலகம், கோயில்கள், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றை 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

வழிகாட்டிய பெண்மணி அவருடைய இளமையைச் சொன்னார். 1872-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு ஏறவில்லை, பாதியில் விட்டுவிட்டார். அரசு உதவித்தொகை கிடைத்து மரச்சாமான் வடிவமைக்கும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். "எந்த ஊரில் தெரியுமா?" என்று அப்பெண்மணி கேட்டார். "கிராட்ஸில்."

பையன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். நாமே ஏற்பாடு செய்து சொல்ல வைத்தோம் என்று ஐயுற்றான்போலும். முந்தின இரவு கற்ற பாடத்தால் நாம் வாய் திறக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தொப்பியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் கோட்டைக்கு ஏறினோம். இழுவை வண்டி இருக்கிறது, அவன் நடக்கலாமென்றான். முழங்கால் மறுத்தது, வழியில் நான்கு முறை உட்கார்ந்தோம். மேலே நின்றால் வடக்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர், தெற்கே பரந்த சதுப்பு நிலம். அந்தச் சதுப்பில் 2002-இல் ஒரு மரச் சக்கரத்தைத் தோண்டி எடுத்தார்கள். அச்சோடு கிடைத்த சக்கரங்களில் உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று; வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கீழே நகரைச் சுற்றி ஒரு பாதை செல்வதை அவன் காட்டினான். 1942 பிப்ரவரியில் இத்தாலியப் படையினர் நகரம் முழுவதையும் முள்வேலியால் சூழ்ந்தார்கள். முப்பது கிலோமீட்டர் நீளம். இத்தாலியர் சரணடைந்தபின் ஜெர்மானியர் காவலேற்றனர். 1945 மே வரை நகரமே சிறை. இன்று அந்த வேலியிருந்த வழி நெடுக மரம் நட்டு நடைபாதையாக்கியிருக்கிறார்கள். இறங்கி வந்து அதில் ஒரு மணிநேரம் நடந்தோம். தாய்மார் குழந்தை வண்டிகளைத் தள்ளிச் சென்றார்கள். எங்களுக்குள் பேச்சு எழவில்லை. திடீரென்று அவன், "நாளைக் காலை அப்பாவிடம் பேசுகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றான்.

காலையில் நிலையம். அவனுடைய வண்டி கிழக்கே கிராட்ஸுக்கு. நமது வண்டி வடமேற்கே, 1906-இல் குடைந்து திறந்த கரவாங்கென் மலையின் எட்டுக் கிலோமீட்டர் சுரங்கம் வழியாக ஃபில்லாக்குக்கு. இருவருக்கும் இடையில் அரைமணி. நடைமேடைப் பலகையில் அமர்ந்து எண்ணை அழுத்தினான். நாம் எழுந்து நேர அட்டவணை மாட்டியிருந்த சுவரருகே சென்று, மாரிபோர் செல்லும் வண்டிகளையெல்லாம் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தோம். பக்கத்தில் இருக்கச் சொன்னான்தான். ஆனால் தந்தையும் மகனும் பேசுவதைக் கேட்க நமக்கு மனம் துணியவில்லை.

பத்து நிமிடங்கூட ஆகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன சொன்னார்?"

"எத்தனை பாடம் என்று கேட்டார். மூன்று என்றேன். மறுபடி எப்போது எழுதலாம் என்றார். அக்டோபரில் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, சரி, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ இப்போது சொல்லாதே என்றார்." சற்று நின்று, "நான் ஏறியிருக்கும் வண்டி எங்கே போகிறது என்றும் கேட்டார்" என்றான்.

அவனுடைய வண்டி வந்தது. இரவல் மூட்டையை நம்மிடமிருந்து வாங்கித் தன் மூட்டையின்மீது மாட்டிக்கொண்டான். நமது பொருள்கள் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிட்டன. கையசைத்தான், போனான். சுரங்கத்தைத் தாண்டியதும் ஆஸ்திரியக் காவலர் ஏறிக் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். உடம்போடு இருந்தது.

அக்டோபரில் இரண்டு பாடங்களில் தேறிவிட்டதாக அவனுடைய தாயார் வந்து சொன்னார். மூன்றாவதை ஜனவரியில் எழுதுகிறான். அடமானம் இன்னும் மீளவில்லை. போன மாதம் ஒரு படம் வந்ததாம், கைப்பேசியை நீட்டினார். ஏதோ ஓர் ஆற்றங்கரை, அதே மூட்டை. "இது எந்த ஊர் சாமி?" என்று கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தோம். நமக்கும் தெரியவில்லை.